ஓவர்சியர் குளித்த தண்ணீர்

ஓவர்சியர் குளித்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆளை அல்ல. அவர் எங்கள் பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்புறம், சோளத்தட்டு மறைப்புக்குள் இருந்தார். மறைப்புக்கு அடியில் ஓடிவந்த தண்ணீரைத்தான் பார்த்தோம். சோப்பு நுரையோடு கல்லிடுக்கில் இறங்கி, சந்துப் புழுதியில் பத்தடி போய், அங்கேயே மண்ணுக்குள் காணாமல் போயிற்று. இரண்டு கோழிகள் ஓடிவந்து நுரையைக் கொத்திப் பார்த்துத் தலையை உதறின. பக்கத்து வீட்டு எருமைக்கன்று கயிறு இழுபட நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

உள்ளே அவர் ஒவ்வொரு சொம்புக்கும் "ஆஹா" என்றார்.

மொத்தம் ஒன்பது குடம். எனக்கு நிச்சயமாகத் தெரியும். வண்டிப் பீப்பாயிலிருந்து பிடித்து, இடுப்பில் சுமந்து, செப்பு அண்டாவில் ஊற்றியவள் நான். அப்போது எனக்கு ஏழு மாசம். அந்த வாரம் முழுக்க நான் குளித்தது ஒரே தடவை, அரைக் குடத்தில். தலைக்கு வார்த்து எத்தனை நாள் என்று சொல்லமாட்டேன். படிக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பழைய சமாசாரம்.

ஓவர்சியர் வந்த காரியத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை, ஜில்லா போர்டு செலவில் ஒரு பொதுக்கிணறு வெட்டித் தர வேண்டும் என்று ஊரார் மனுப் போட்டிருந்தார்கள். தண்ணீர் இல்லை என்பது நிஜம்தானா என்று நேரில் பார்த்து எழுதிப்போக அவர் வந்திருந்தார்.

கார்த்திகையில் பார்த்த ஊர்

நான் பிறந்தது பரமத்தி வேலூர்ப் பக்கம், காவேரிக் கரை. வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு. எங்கள் வீட்டில் தண்ணீரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. காற்றைப் பற்றி யாராவது பேசுவார்களா?

கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீடு பார்க்க எங்கப்பா கார்த்திகை மாசத்தில் போனார். அவர் செய்த தப்பு அது. நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் நடுவில், ரோட்டை விட்டு மேற்கே ஒதுங்கின ஊர். மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஊர்க்கிணற்றில் குனிந்தால் கைக்கு எட்டும் தண்ணீர். ஓடையில் சலசலவென்று ஓட்டம். அப்பா திரும்பி வந்து, "வறண்ட ஊருன்னாங்க. எல்லாம் பொறாமைல சொல்றது" என்றார்.

தையில் கல்யாணம். மாசியில் ஓடை நின்றது. பங்குனியில் கிணறு நின்றது. சித்திரையில் நான் நின்றேன், ஊத்துக்குழிக்கு முன்னால், குடத்தோடு, வரிசையில்.

ஊத்துக்குழி என்பது காய்ந்த ஓடை மணலில் இடுப்பளவு தோண்டிய குழி. அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசியும். குழிக்குள் இறங்கிக் கொட்டாங்குச்சியால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். வேகமாக வழித்தால் சேறு வரும், மெதுவாக வழித்தால் பின்னால் நிற்கிறவள் வாய்க்கு வந்தபடி பேசுவாள். ஊரிலிருந்து ஒன்றரை மைல்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். பேரைச் சொல்லமாட்டேன். இந்த வயசிலும் நாக்கு புரள மாட்டேனென்கிறது. யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார், அவங்கப்பாவிடம் பேசவேமாட்டார். அவங்கப்பா, என் மாமனார், ஊர் மணியக்காரர். கிணறு கேட்டு மனுப் போட்டவர் அவர்தான். ஓவர்சியரைக் குளிப்பாட்டியவரும் அவர்தான்.

வாங்க, தண்ணி குடிங்க

எங்கள் பக்கம் ஒறம்பரை, அதுதான் விருந்தாளி, வாசல் மிதித்தால் முதல் வார்த்தை "வாங்க". அடுத்த வார்த்தை "தண்ணி குடிங்க". சொம்பு நீட்டாத வீடு பகையாளி வீடு. நீட்டின சொம்பை வாங்காமல் போகிறவன் அதைவிடப் பெரிய பகையாளி. வந்தவர் தண்ணீர் இருக்கிறதா என்று சோதிக்க வந்த ஆள் என்பதற்காக இந்த வழக்கத்தை ஒரு நாளைக்கு நிறுத்திவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நம்ம ஊட்டுக்கு வந்த மனுசன் தாகத்தோட திரும்பிப் போனா, அப்புறம் எந்த மொகத்தை வெச்சுட்டுக் கிணறு கேக்கறது?" என்றார் மாமனார். நாலு மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு வண்டி போயிற்று. இரண்டு பீப்பாய் தண்ணீர் வந்தது.

கல்யாணமாகி எனக்கு அது இரண்டாவது கோடை. ஓவர்சியர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். எங்கள் வீட்டில் முதல் சொம்பு குடித்தார். பிறகு மாமனார் அவரை ஊரைச் சுற்றிக் காட்ட அழைத்துப்போனார். பதினொரு வீட்டு வாசலில் நின்றார்கள். பதினொரு வீட்டிலும் சொம்பு. ஏழாவது வீட்டில், "போதும்மா, வயிறு தாங்காது" என்றாராம். "எங்கூட்டுத் தண்ணி மட்டும் ஆகாதுங்களா?" என்று அந்த வீட்டம்மா கேட்டிருக்கிறாள். குடித்தார். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை.

அப்புறம்தான் குளியல். குளியலுக்குப் பின் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் ஊர்க்கிணற்றை எட்டிப் பார்த்தார். உச்சி வெயில் நேராக விழுந்து, அடியில் கிடந்த ஒரு சாண் சேற்றுத் தண்ணீர் பளபளத்தது. குளித்துச் சாப்பிட்டு எழுந்த மனுஷருக்கு அது நல்ல தண்ணீராகத்தான் தெரிந்திருக்கும்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் தண்ணீருக்கென்று எடுத்து வைக்கிற பணமெல்லாம் அங்கேதான் போகிறது என்று சந்தையில் பேச்சு. அணை எங்கள் ஜில்லாவில், பாசனம் பெரும்பாலும் அவர் ஜில்லாவில். மாமனாருக்கு இது தெரியும். ஆனால் இலையில் கை வைத்திருக்கிற மனுஷரிடம் அதையெல்லாம் எப்படிப் பேசுவது? இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

போர்டு ஆபீசிலிருந்து பதில் வந்த அன்று எங்கப்பா என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வந்திருந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளை வேப்பமரத்தடியில் நின்று தாளை உரக்க வாசித்தார். மேற்படி கிராமத்தில் தண்ணீர் வசதி மிகவும் திருப்திகரமாக இருப்பதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

"மிகவும் திருப்திகரம்" என்ற இடத்தில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா சம்பந்தி, மனுசன் மனசு நெறஞ்சு எழுதியிருக்காரு!"

"கடைசி வரியையும் கேட்டீங்களா சம்பந்தி?" என்றார் எங்கப்பா.

மாமனார் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவையும் அதேதான் இருந்தது.

எங்கப்பா என் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கொட்டாங்குச்சி கீறின வெட்டு. கார்த்திகையில் வந்து பார்த்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கிணறு வெட்டித் தண்ணி வந்துச்சுன்னு சேதி சொல்லியனுப்புங்க. அப்புறம் புள்ளைய அனுப்பறேன்" என்றார்.

ஒரு பைலுக்குள் என் குடித்தனம்

எனக்குப் பெண் பிறந்தது. அப்பா சொன்ன சொல்லில் நின்றார்.

காவேரிக் கரையில் எனக்குச் சுகம்தான். மூன்று மாசம் சுகமாக இருந்தது. அப்புறம் இல்லை. வாழாவெட்டியா என்று நேரே கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் துணி துவைக்கிற படித்துறையில் நான் போய் இறங்கினால் பேச்சு நிற்கும். போர்டுக் கிணற்றுக்காகக் காத்திருக்கிறேன் என்று எத்தனை பேரிடம் விளக்க முடியும்?

என் வீட்டுக்காரர் வாராவாரம் வருவார், வெற்றிலை வாங்க என்று அவங்கப்பாவிடம் சொல்லிவிட்டு. அவர்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் ஒருவரும் கிடையாது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"கிணறு என்னாச்சுங்க?" என்பேன்.

"மறுபடி மனுப் போட்டிருக்குது" என்பார்.

அவ்வளவுதான் பேச்சு. பொழுது சாய்வதற்குள் ஒரு கவுளி வெற்றிலையோடு கிளம்பிவிடுவார். எனக்கு அவரோடு போய்க் குடித்தனம் நடத்த வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. இதைச் சொல்ல இந்த வயசில் எனக்கென்ன வெட்கம்.

மறு சித்திரையில் ஒரு நாள் விடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். வண்டியில் இரண்டு பீப்பாய்.

"எதுக்குங்க பீப்பாய்?"

"நாளைக்குக் காலையில ஓவர்சியரு வாராரு. அதே ஓவர்சியரு."

"செரி. பீப்பாய் எதுக்குங்க?"

அவர் மாட்டின் கொம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "போன தடவை வெறும் தோட்டத்துத் தண்ணி. அதான் அந்தாளு மனசு எறங்கலியாம். இந்தத் தடவை காவேரித் தண்ணியே வாத்துவுட்டுப் பாக்கலாம்னு அப்பா சொல்றாரு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நானும் வாரேன்" என்று உள்ளே போய்ச் சேலையை மாற்றினேன்.

அப்பா வாசலை மறித்தார். "கிணறு வந்துருச்சா சாமி?"

"நான் போனாத்தானுங்கப்பா வரும்."

"நீ போறதுன்னாப் போ. புள்ள இங்கயே இருக்கட்டும். தண்ணி வரட்டும், வந்து கூட்டிட்டுப் போ."

ஒன்பது மாசக் குழந்தை. அம்மா தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள், நான் பார்க்கக்கூடாதென்று. வண்டி பரமத்தி தாண்டுவதற்குள் எனக்குப் பால் கட்டிச் சேலை நனைந்துவிட்டது. இந்தத் தடவையும் ஓவர்சியர் திருப்தியாக எழுதிவிட்டால் எனக்குப் பிள்ளை ஒரு ஊரில், புருஷன் ஒரு ஊரில் என்று ஆகிவிடும். பின்னால் பீப்பாய்கள் தளும் தளும் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

வழியில் ஒரு ஊர் முகப்பில் ஏழெட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். பீப்பாய்ச் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றார்கள்.

"நிறுத்துங்க" என்றேன்.

"அப்பா கேட்டா என்ன சொல்றது?"

"நாந்தான் குடுத்தேன்னு சொல்லுங்க."

அவர் மூக்கணாங்கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார். பிறகு, "கடையாணி ஆடற மாதிரி இருக்குது. தட்டறதுக்கு ஒரு கல்லு தேடிட்டு வாரேன்" என்று இறங்கிக் காட்டுக்குள் போனார். அந்தக் காட்டில் கல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது. அவருக்கு மட்டும் வெகு நேரம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு பீப்பாயும் காலி. ஒருத்தி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள். அந்த ஊருக்கும் ஏதாவது ஓவர்சியர் வந்து போயிருப்பார்.

இதா வந்துருவா

சாயங்காலம் மாமனார் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார். அவங்கப்பாவின் முகத்தைப் பார்த்து அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வழியில தண்ணிக்கு நின்னாங்கப்பா. குடுத்துட்டோம். இல்லைன்னு சொல்ல முடியுங்களா?"

மாமனார் பீப்பாயை விட்டுவிட்டுத் திண்ணைக்குப் போனார். அவர் வளர்த்த பிள்ளை, அவர் சொல்லிக்கொடுத்த வழக்கம். வீட்டில் மீதியிருந்த தண்ணீரைத் தூரம் நடந்து வந்த மாடுகளுக்கு அத்தை காட்டிவிட்டாள். அத்தை என்றால் என் மாமியார். பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

காலையில் ஓவர்சியர் வந்தார். தோளில் துண்டு, கையில் தகரச் சோப்புப் பெட்டி. போன வருஷத்தை அவர் மறக்கவில்லை.

"வாங்க, வாங்க. தண்ணி குடிங்க" என்று மாமனார் கயிற்றுக்கட்டிலைப் போட்டார். "அம்மிணி, தண்ணி கொண்டா!"

"இதா வாரேனுங்க மாமா" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னாலேயே தெருவில் இறங்கி நடந்தேன்.

நான் போனபின் நடந்ததை அத்தை சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஓவர்சியர் தெருவை எட்டிப் பார்த்தாராம். "இதா வந்துருவா" என்றாராம் மாமனார். இன்னும் கொஞ்ச நேரம். "இதா வந்துருவா." மோராவது கொண்டுவரச் சொல்லி மாமனார் உள்ளே குரல் கொடுக்க, "மோருக்கும் தண்ணி வேணுமில்லீங்க" என்றாளாம் அத்தை. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால், மணியக்காரர் வீட்டு முதல் சொம்பு குடிக்காத ஒறம்பரைக்கு ஊரில் எந்த வீட்டிலும் சொம்பு நீட்டமாட்டார்கள். அது மணியக்காரருக்கே அவமானம். அந்த வழக்கத்தை வைத்தவரும் மாமனார்தான்.

ஓவர்சியர் எழுந்து, "பரவாயில்லை ஐயா, நான் கிளம்புகிறேன்" என்றிருக்கிறார். மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "எங்கூட்டுல வந்து தண்ணி குடிக்காமப் போனீங்கன்னா நாளைக்கு இந்த ஊர்ல நான் எப்படிங்க நடமாடறது? செத்த உக்காருங்க. இதா வந்துருவா."

உட்கார்ந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டு, இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

நான் அவசரப்படவில்லை, தாமதிக்கவும் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்ததும் இறங்கி வழித்தேன். நெஞ்சு கட்டி விண்விண்ணென்று தெறித்தது. குழந்தை இப்போது அழுகிறதோ, அம்மா என்ன புகட்டுகிறாளோ என்று நினைத்துக்கொண்டே வழித்தேன். கொட்டாங்குச்சிக்குள் கண்ணீரும் கொஞ்சம் விழுந்திருக்கும். ஓவர்சியரிடம் அதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது என் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. சேலைத் தலைப்பில் வடிகட்டிச் சொம்பில் நீட்டினேன். செம்மண் நிறம். ஓவர்சியர் ஒன்றும் பார்க்கவில்லை, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"தினமும் இவ்வளவு நேரம் ஆகுமாம்மா?"

"இல்லீங்க. ஒறம்பரை வந்திருக்கீங்கன்னு இன்னிக்கு வெசையா ஓடி வந்தேனுங்க."

அவர் சோப்புப் பெட்டியைப் பைக்குள் வைத்தார். மாமனார் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "போன வருஷம் நான் குளித்தேனே ஐயா, அந்தத் தண்ணீர்?"

மாமனார் தரையைப் பார்த்தார். ஊரில் அவர் முன்னால் மற்றவர்கள்தான் அப்படித் தரையைப் பார்த்து நிற்பார்களே தவிர, அவர் நின்று நான் கண்டதில்லை.

"அது நாலு மைலு வண்டில வந்ததுங்க" என்றார். "இங்க இல்லீங்க. இந்த ஊர்ல தண்ணி இல்லீங்க."

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நான் நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஒன்பது குடம்

ஓவர்சியர் இந்தத் தடவை நீளமாக எழுதினார். என்ன எழுதினாரோ, எஸ்டிமேட் போட்டார்கள். பைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக ஒரு மழைக்காலம் ஆயிற்று. மழை பெய்துவிட்டதே, இன்னும் கிணறு வேண்டுமா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. வேண்டும் என்று எழுதினோம். மாசி பிறந்ததும் யாரோ ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள், மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கின பணம் திரும்பிப் போய்விடும் என்று. அவ்வளவு நாள் தூங்கின பைல் எழுந்து ஓடிவந்தது. வெடி வைத்துப் பாறையை உடைத்தார்கள். ஊர்க்காரர்கள் முறை வைத்து மண் சுமந்தார்கள். தண்ணீர் வந்தது.

போர்டுக் கிணற்றில் எல்லா ஜனங்களும் எடுக்கலாம் என்பது கண்டிஷன். மாமனார் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினார். ஆனால் சேரி ஜனங்கள் ரொம்ப வருஷம் குடத்தை எட்ட வைத்துவிட்டு நிற்க, மற்றவர்கள் இறைத்து ஊற்றினோம். மண் சுமந்ததில் பாதிப் பேர் அவர்கள். அப்படி நிற்க வைத்து ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன பிரயோசனம்.

ஓவர்சியர் வந்துபோன மறுநாளே நான் குழந்தையிடம் திரும்பிவிட்டிருந்தேன். சேதி அங்கே வந்தது. அப்பா தானே வண்டி ஓட்டிக்கொண்டு எங்களைக் கொண்டுவந்து விட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தார், ஒரு கல்லைப் போட்டு ஆழம் பார்த்தார், பங்குனி மாசம்தானா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் என் மகளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். அவள் தன் காலாலேயே தத்தித் தத்தி நடந்து வந்தாள், வழிப்புழுதி பூராவும் மேலே அப்பிக்கொண்டு.

பொடக்காளியில் அதே கல்லின்மேல் அவளை நிறுத்தினேன். ஒரு குடம் ஊற்றினேன். சிரித்தாள். இன்னொன்று. தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கிச் சந்துக்கு ஓடியது. கோழிகள் வந்தன. புழுதியெல்லாம் முதல் இரண்டு குடத்திலேயே போய்விட்டது. நான் நிறுத்தவில்லை.

மாமனார் சந்து முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது குடமும் ஆயிற்று.

"போதும் அம்மிணி" என்றார். "புள்ள என்ன ஓவர்சியரா?"

நான் பத்தாவது குடம் எடுத்துவரப் போனேன்.